ஒன்பதரை மணிக்குப் பிறகு கைவேலை தேடுவது எப்படி

போன ஆண்டு ஜூலையில், ஒரு புதன்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. வீணான பொருளில் செய்த கைவினைப் பொருள் ஒன்றை மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் கொண்டுவர வேண்டுமாம். அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கியிருந்தேன். இரண்டு பிள்ளைகளையும் தூங்கவைத்துவிட்டு, ஒன்பதரைக்குக் கைப்பேசியை எடுத்து "எளிய கைவேலை" என்று தட்டினேன். பதினொன்றரைக்குத் திரையை அணைத்தபோது பின்டரெஸ்ட் என்ற படத் தளத்தில் 43 படங்களைச் சேமித்திருந்தேன். வீட்டில் இருந்த பொருள்களை வைத்து அவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. ஒன்றுக்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டும், இன்னொன்றுக்கு மரமணி வேண்டும், மற்றொன்றுக்கு எங்கள் ஊரில் விற்காத ஏதோ ஒரு மெழுகுத்தாள். மறுநாள் மகள் வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாள். போகும்போது கேட்டாள்: "நேற்று அவ்வளவு நேரம் பார்த்தாயே அம்மா, ஒன்றுமே கிடைக்கவில்லையா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் நானாகப் பழகிச் சரிசெய்துகொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தூத்துக்குடியில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மகளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. எனக்கென்று கிடைக்கும் நேரம் இரவு ஒன்பதரை முதல் பத்து வரை. அதிலும் துணி மடிப்பது பாதியைத் தின்றுவிடும். இதே நிலையில் இருக்கும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இது.

முதலில் பீரோவின் அடித்தட்டு

இணையத்தைத் திறக்கும் முன், வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதிவையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். என் அரைக்குயர் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவை: பழைய பருத்திச் சேலை இரண்டு, தையற்காரர் திருப்பித் தந்த வெட்டுத் துணி ஒரு பை, உல்லன் நூல் மிச்சம் நான்கு நிறம், கூடை வயர் அரைக் கட்டு, அட்டைப்பெட்டி, தீப்பெட்டிகள், ஃபெவிகால், கல்யாணப் பத்திரிகைகள்.

கல்யாணப் பத்திரிகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முகூர்த்த மாதத்தில் வீட்டுக்குப் பத்து பன்னிரண்டு வந்துவிடும். நல்ல கனமான தாள், பொன்னிற அச்சு, பிள்ளையார் படம், சில சமயம் உள்ளே பட்டுத்தாள். கைவேலைக் கடையில் இந்தத் தரத்தில் தாள் வாங்க நல்ல விலை கொடுக்க வேண்டும். மணமக்கள் பெயரும் முகவரியும் இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள்.

இந்தப் பட்டியல் தேடலையே மாற்றிவிடும். "என்ன செய்யலாம்" என்று கேட்டால் இணையம் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கொட்டும். "தீப்பெட்டியில் என்ன செய்யலாம்" என்று கேட்டால் ஒரு மேசைக்கு அடங்கும் அளவில் பதில் வரும். ஆனால் இதைவிடப் பெரிய மாற்றத்தை எனக்குக் கொண்டுவந்தவர் என் மாமியார்.

பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

அந்த அரைக் கட்டு வயரை வைத்துச் சின்னதாக ஒரு கூடை பின்னலாம் என்று நினைத்தேன். "பிளாஸ்டிக் கூடை டிசைன்" என்று தேடினால் கடைகளின் விற்பனைப் படங்கள்தான் வரிசையாக வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை, "எந்த முடிச்சு வேண்டும்?" என்று கேட்டார்கள். எனக்கு முடிச்சின் பெயர் தெரியாது. அவர்கள் எழுந்துபோய்ப் பரணிலிருந்து ஒரு பழைய கூடையை இறக்கினார்கள். சிவப்பும் வெள்ளையும் கலந்த கூடை. கைப்பிடியில் ரப்பர் குழாய் கிழிந்திருந்தது, உடம்பில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. விரலால் தொட்டுக் காட்டினார்கள். "இது நெல்லிக்காய், புடைத்து நிற்கிறதா? இது சாதா முடிச்சு. என் அக்கா சிவன் கண் போடுவாள், அது நடுவில் கண் மாதிரி தெரியும்."

"சிவன் கண் கூடை" என்று தமிழிலேயே தட்டினேன். வேறொரு உலகம் திறந்தது. ஊர் ஊராகப் பெண்கள், வீட்டுத் தரையில் அமர்ந்து, கையை மட்டும் காட்டி, ஒவ்வொரு இழையும் எதன் மேல் போகிறது, எதன் கீழ் போகிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகள். "ஒரு ரோல் கூடை", "ஒன்றரை ரோல் கூடை" என்று அளவையும் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். எத்தனை வயர் வாங்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இந்தக் காணொளிகள் அதற்கு முன்பும் இருந்தனதான். அவற்றை எட்டும் சொல் என்னிடம் இல்லை.

ஆகவே நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: "கிராஃப்ட்", "ஐடியா", "எளிது", "அழகு" ஆகிய சொற்களைத் தேடுபெட்டியில் போடாதீர்கள். அவை விளம்பரக்காரர்களின் சொற்கள். செய்கிறவர்கள் தங்கள் பொருளையும் முடிச்சையும் தையலையும் எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ, அதைப் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள், தையற்காரரைக் கேளுங்கள், சந்தையில் முறம் விற்கும் அம்மாவைக் கேளுங்கள். கேட்டு எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும், இரவில் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

என் நோட்டில் சேர்ந்திருக்கும் சொற்களில் சிலவற்றைத் தருகிறேன். பனையோலை என்றால் குருத்தோலை, சாரோலை, ஈர்க்கு, கொட்டான், பெட்டி, கிலுக்கு (கிலுகிலுப்பை), விசிறி. "ஓலைப் பொம்மை" என்று தேடினால் கிடைக்காதது "ஓலைக் கிலுக்கு" என்று தேடினால் கிடைக்கிறது. ஊசி வேலை என்றால் காம்புத் தையல், சங்கிலித் தையல், முடிச்சுத் தையல். வெட்டுத் துணி மிச்சம் இருந்தால் "கந்தா" என்றும் "கவண்டி" என்றும் தேடுங்கள். கந்தா வங்கத்துப் பெண்களுடையது. பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வையாக்குவார்கள். அந்தக் காலத்தில் தைக்கும் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்திருக்கிறார்கள். கவண்டி, கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி என்ற ஆப்பிரிக்க வழிச் சமூகத்துப் பெண்களுடையது. துண்டுத் துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். துணியை அளந்து சதுரமாக வெட்ட வேண்டாம், தையல் இயந்திரம் வேண்டாம். இடையில் பால் பொங்கினால் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து போகலாம். பிள்ளை வளர்க்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலையை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் தொடங்கியது ஒரு தலையணை உறை அளவு. நான்கு மாதம் ஆனது. ஒரு நாளும் அவசரப்படவில்லை.

பிறமொழிச் சொற்களுக்கும் இதே விதிதான். தாள் மடிப்பு வேண்டுமென்றால், மொழிபெயர்ப்புச் செயலியில் ஓரிகாமி என்பதையும் செய்ய விரும்பும் பிராணியின் பெயரையும் ஜப்பானிய எழுத்துக்கு மாற்றி, அதை அப்படியே ஒட்டித் தேடுங்கள். ஜப்பானியத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் போட்டிருக்கும் பக்கங்கள் வரும். படிக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். மடிப்புப் படங்களுக்குப் பொதுவான குறியீடு உண்டு: சிறு கோடுகளாலான வரி என்றால் உள்பக்கமாக மடிக்க வேண்டும், கோடும் புள்ளியும் மாறிமாறி வந்தால் வெளிப்பக்கமாக. இந்த இரண்டும் தெரிந்தால் காணொளியே தேவையில்லை, ஒரு பக்கப் படம் போதும். கத்திக் கப்பல் செய்யத் தெரிந்த கைக்கு இது கடினமே அல்ல.

கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் பின்னலை ஆங்கிலேயர்கள் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்கர்களிடமும் டபுள் குரோஷே உண்டு, ஆனால் அது இதைவிட உயரமானது: பெயர் ஒன்று, பின்னல் வேறு. தங்கை குழந்தைக்கு நான் பின்னிய குல்லாய் என் முழங்கை வரை நீண்டதற்குக் காரணம் அதுதான். ஆங்கிலேயரின் செய்முறையை அமெரிக்கக் கணக்கில் பின்னிவிட்டேன், ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் வந்துவிட்டது. இரண்டு இரவு வேலையைப் பிரித்து மீண்டும் உருண்டையாகச் சுற்றினேன். செய்முறையின் மேல்பகுதியில் எந்த நாட்டுக் கணக்கு என்று போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். போடவில்லையென்றால் அந்தச் செய்முறையை விட்டுவிடுங்கள்.

யார் கை, எந்தப் பக்கமிருந்து வருகிறது

சரியான சொல்லுக்குப் பிறகு சரியான காணொளி. நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: செய்கிறவரின் கை திரையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே வருகிறதா? அப்படி வந்தால் கேமரா அவர் தோளுக்குப் பின்னாலோ தலைக்கு மேலேயோ இருக்கிறது. அவர் வலக்கை என் வலக்கை. கை மேலிருந்து கீழே வந்தால் அவர் நமக்கு எதிரே அமர்ந்திருக்கிறார், எல்லாம் தலைகீழாகத் தெரியும். வயர் கூடையிலும் ஓலையிலும் இது பெரிய வித்தியாசம். பெரியவர்கள் மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வராது.

தென்னை ஓலைப் பந்து செய்தபோது இதை நன்றாகக் கண்டுகொண்டேன். இரண்டு ஓலைக் கீற்றுகளில் ஈர்க்கை உருவி எடுத்தால் நான்கு நாடாக்கள் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோத்துக்கொண்டே போனால் ஆறு முகமுள்ள சின்னப் பந்து திரண்டுவரும். முதல் இரண்டு மடிப்பு எளிது. மூன்றாவது நாடா திரும்பி முதல் நாடாவின் அடியில் நுழையும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அந்த நொடியில் கற்றுக்கொடுக்கிறவரின் கட்டைவிரல் அதை மறைத்துவிடுகிறது. மகள் மூன்று முறை பிரித்துவிட்டாள், ஓலை வெளிறிக் கசங்கத் தொடங்கியது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன், அப்போதும் தெரியவில்லை. பிறகு அவள் அப்பாவின் கணினியில் போட்டு, நிறுத்திவைத்து, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டினோம். யூடியூப்பில் அப்படித் தட்டினால் படம் ஒவ்வொரு சட்டமாக நகரும், காற்புள்ளி விசை பின்னால் கொண்டுபோகும். கட்டைவிரல் விலகும் ஒரே ஒரு சட்டத்தில், பச்சை நாடாவின் நுனி அடியிலிருந்து எட்டிப்பார்ப்பது தெரிந்தது. "உள்ளே போகிறது அம்மா, மேலே இல்லை!" என்று கத்தினாள். சின்னவன் எழுந்துவிட்டான். பந்து முடிந்தது.

கைப்பேசியில் அந்த விசை வசதி இல்லை. அங்கே வேகத்தைக் கால் பங்குவரை குறைக்கலாம், திரையின் இடது ஓரத்தில் இருமுறை தட்டினால் பத்து நொடி பின்னால் போகும். வேலை நேரத்தில் இவையே போதும்.

காணொளிக்குக் கீழே இருக்கும் கருத்துகளையும் பாருங்கள். "சூப்பர்", "அருமை" என்று நூறு பேர் எழுதியிருப்பதில் பயன் இல்லை. "எனக்கு அடிப்பாகம் கோணலாக வந்தது, என்ன செய்வது" என்று ஒருவர் கேட்டு, அதற்குச் செய்தவரே பதில் சொல்லியிருந்தால், அந்தக் காணொளியை நம்பலாம். உண்மையாகவே செய்து பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

யாரும் செய்யாத பொருளின் படம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் பணமும் பிள்ளையின் ஆசையும் சேர்ந்து போகின்றன. மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பு, உல்லன் நூலில் பின்னிய ஒரு மயில் படத்தை அவளே பார்த்துக் கேட்டாள். தோகை விரித்த மயில், ஒவ்வொரு பீலியிலும் கண், கழுத்தில் நீலம் பச்சையாக மாறும் மினுக்கம். செய்முறையை ஓர் இணையக் கடையில் விலைக்கு வாங்கினேன். நீலமும் பச்சையும் மயில்கழுத்து நிறமும் சேர்த்து 600 ரூபாய்க்கு நூல் வாங்கினேன். பிறகு செய்முறையைத் திறந்தால் நான்கே பக்கம், கண்ணிக் கணக்கு எங்கும் கூடிவரவில்லை. ஒரு வரிசையில் 18 கண்ணி, அடுத்த வரிசையில் ஒன்றும் கூட்டாமலே 31. படம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது, செய்முறையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த மயிலை உலகத்தில் யாரும் பின்னியதே இல்லை.

இப்போது எந்தக் குரோஷாப் படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்க்காமல் சேமிப்பதில்லை. பார்க்க வேண்டியது கண்ணிகளைத்தான். உண்மையான பின்னலில் ஒவ்வொரு கண்ணியின் தலையும் சாய்ந்த இரு கால்போல, ஆங்கில V எழுத்து வடிவில், வரிசையாக நிற்கும். ஒரு வரிசையை விரலால் பிடித்துக்கொண்டு போனால் மறுமுனை வரை போகலாம். போலிப் படத்தில் வரிசை பாதியில் கரைந்து இன்னொரு வரிசைக்குள் மறையும். நூல் ஓரிடத்தில் கயிறுபோலத் தடித்தும் ஓரிடத்தில் முடிபோல மெலிந்தும் இருக்கும். தையலிலும் அப்படித்தான்: ஊசி துணிக்குள் இறங்கும் இடமும் வெளிவரும் இடமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது தையல் இல்லை.

பின்பக்கம் காட்டும் படம் இருக்கிறதா, பாதி செய்த நிலையில் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கையால் செய்தவரிடம் இவை கட்டாயம் இருக்கும். படத்தைக் கூகுள் லென்ஸில் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். முதலில் செய்தவரின் பக்கம் சில சமயம் அதிலேயே கிடைத்துவிடும். பின்டரெஸ்ட் சில படங்களின்மீது செயற்கை நுண்ணறிவு என்ற முத்திரையைப் போடுகிறது. எல்லாவற்றையும் அது பிடிப்பதில்லை, ஆகவே முத்திரை இல்லாததைக் கண்டு நம்பிவிட வேண்டாம். கடைக்காரரின் மற்றச் செய்முறைகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு பொம்மையைப் பின்னிச் சோதித்துக் கணக்கு எழுத நாள்கணக்கில் ஆகும். சில மாதத்தில் இருநூறு செய்முறை விற்கும் ஒருவரால் அவற்றைப் பின்னியிருக்க முடியாது.

நூல் வேலைக்கு எனக்கு மிகவும் நம்பிக்கையான இடம் ரேவல்ரி. 2007-ல் தொடங்கிய தளம், கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. ஒரு செய்முறைக்குக் கீழேயே அதைப் பின்னியவர்கள் போட்ட படங்கள் வரிசையாக இருக்கும். சிலருடையது கோணலாக, சிலருடையது நிறம் மாறி. அந்தக் கோணல்களே அதை நம்புவதற்குக் காரணம். நம்மிடம் இருக்கும் நூலின் நீளத்தையும் ஊசியின் மில்லிமீட்டர் அளவையும் கொடுத்து, இலவசச் செய்முறைகளை மட்டும் வடிகட்டியும் பார்க்கலாம். மயிலுக்கு வாங்கிய நூலில் கடைசியில் ஒரு மீன் செய்தேன், அந்தத் தளத்தில் பலர் பின்னியிருந்த மீன். நீலத்தில் உடல், பச்சையில் வால். மகள் அதைப் பள்ளிப்பையில் தொங்கவிட்டிருக்கிறாள்.

அருங்காட்சியகம் வீட்டுக்கு வரும்

பெரும்பாலான பெற்றோர் எட்டிப்பார்க்காத இடம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். அங்கே "கோரமண்டல்" என்று தட்டுங்கள். நம் சோழமண்டலக் கடற்கரையில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கையால் வரைந்து சாயமேற்றி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பருத்தித் துணிகள் வரும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் துணியின் இழை தெரியும், பூவின் உள்ளே பூ, இலையின் உள்ளே கட்டம், புள்ளி, மீன்செதில். ஓர் ஓரக்கொடியை மட்டும் எடுத்துக்கொண்டோம். திரையின் படத்தை அச்சிட்டு, கார்பன் தாள் வைத்துக் கைக்குட்டையில் பதித்தேன். மகள் கொடியைக் காம்புத் தையலில் போட்டாள், பூவின் வெளிக்கோட்டைச் சங்கிலித் தையலில் நான் போட்டேன். எங்கள் கடற்கரையிலிருந்து போன கொடி என்று சொன்னதும், அது எந்தக் கப்பலில் போனது என்று கேட்டாள். கைக்குட்டைக்கு அப்பாலும் ஒரு வாரம் அந்தப் பேச்சு ஓடியது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதில் பூத்தையல், சரிகை, பாய், கூடை எல்லாம் இருக்கின்றன. நம் நாட்டுக் கைவினைகளுக்கு, ஐஐடி மும்பையின் வடிவமைப்புப் பள்ளி நடத்தும் டி-சோர்ஸ் தளத்தைப் பாருங்கள். கைவினைஞர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், மூலப்பொருள் முதல் முடிந்த பொருள் வரை படிப்படியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கைவினை எந்தக் கருவியில் தொடங்குகிறது என்று பிள்ளைக்குக் காட்ட அது நல்ல இடம்.

சின்னவனைப் போன்ற பிள்ளைகளுக்கு, விளையாட்டுப் பொருள்தான் கைவேலை. அதற்கு அரவிந்த் குப்தாவின் தளத்துக்கு நிகர் இல்லை. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு குழாயையும் வைத்து முக்கோணம், சதுரம், வீடு எல்லாம் கட்டச் சொல்லித்தருகிறார். குப்பையிலிருந்து செய்யும் பொம்மைகள் அங்கே ஏராளம், எல்லாம் இலவசம். அந்த ஜூலை இரவில் எனக்கு இந்தத் தளம் தெரிந்திருந்தால் கால் மணியில் வேலை முடிந்திருக்கும். தீக்குச்சியின் மருந்து முனையை முதலில் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டுத்தான் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.

அரை மணியை எப்படிப் பங்கிடுவது

தேடுவது, பார்ப்பது, செய்வது ஆகிய மூன்றையும் ஒரே இரவில் செய்யப் பார்க்காதீர்கள். திங்கள் இரவு நான் தேட மட்டும் செய்வேன். கைப்பேசியில் இருபது நிமிடத்துக்கு மணி வைப்பேன், மூன்று யோசனை கிடைத்ததும் நிறுத்திவிடுவேன். நாலாவது எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுப்பதில்லை. புதன் இரவு அந்த மூன்றையும் முழுதாகப் பார்த்து, ஒன்றுக்கு மட்டும் நோட்டில் ஒரு பக்கம் எழுதுவேன்: என்ன பொருள், எத்தனை, எந்த இடத்தில் கை தடுமாறும். தடுமாறும் இடத்தை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வைத்துக்கொள்வேன். சனிக்கிழமை செய்வது.

யூடியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். என் அரை மணியில் பெரும்பகுதி முன்பு அதில்தான் போனது. தேவையான காணொளியைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இணையத்தையே துண்டித்துவிடுவேன். பின்டரெஸ்டில் பிறருக்குத் தெரியாத பலகை ஒன்று வைத்து, அதைப் பொருள்வாரியாகப் பிரியுங்கள்: "தாள்", "வெட்டுத் துணி", "ஓலை". "அழகானவை" என்று ஒரு பலகை வைத்தால் அது ஒரே மாதத்தில் நிரம்பிவிடும், பிறகு அதற்குள் தேட இன்னொரு இரவு வேண்டும். மூன்று மாதமாகத் தொடாத படத்தை நீக்கிவிடுவேன்.

பண்டிகைக்கான தேடலை மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் நட்சத்திரம் என்று தேடினாலும், நவராத்திரி வாரத்தில் கொலு என்று தேடினாலும் முதல் இரண்டு பக்கம் விற்பனைதான். தேடும் சொல்லுக்குப் பக்கத்தில் கழித்தல் குறியை ஒட்டி "விலை" என்று எழுதினால் கூகுளில் அது ஓரளவு குறையும்.

பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. மூன்று யோசனையையும் நோட்டில் படமாக வரைந்தோ அச்சிட்டோ காட்டுவேன், ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். முடிவு அவர்களுடையது என்பதால் பாதியில் எழுந்து ஓடுவது குறைந்திருக்கிறது. சின்னவனுக்குக் கிழிப்பதும் ஒட்டுவதும் வேலை, கத்தியும் பசைத் துப்பாக்கியும் அவன் பக்கத்தில் வருவதே இல்லை. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் மணியும் பொத்தானும் வேண்டாம், வாயில் போட்டுவிடும்.

இன்னொன்று: யாரிடமிருந்து கற்றோமோ அவர் பெயரைச் சொல்லுங்கள். படம் பகிரும்போது ஒரு வரி போதும். ஒருவர் எழுதிய செய்முறையை வைத்துச் செய்த பொருளை விற்க நினைத்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அரைமணிநேரக் காணொளிக்காக வீட்டுவேலைக்கு நடுவே கேமராவைத் தோளுக்கு மேல் கட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை இரவு, படுக்கும் முன், ஒரு பெரிய தாம்பாளத்தில் மறுநாளுக்கான எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவேன்: கத்தரிக்கோல், நூல், நோட்டின் அந்தப் பக்கம் திறந்தபடி. காய்ந்த பனையோலை வேலை என்றால் நாடாக்களை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் மடிக்கும்போது விண்டுபோகும். இந்த வாரம் அத்தை சொன்ன கிலுக்கு. உள்ளே போட நாலைந்து குன்றிமணி வேண்டும் என்றார்கள். குன்றிமணி விஷம், சின்னவன் இருக்கும் வீட்டில் கூடாது என்று சொல்லிப் புளியங்கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அத்தை ஒன்றைக் கையில் குலுக்கிப் பார்த்துவிட்டு, சத்தம் போதாது, இன்னும் இரண்டு போடு என்றார்கள்.